பழைய பி.எஃப். கணக்கைத் தேடும் சுமை யாருடையது?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் இப்படியொரு பேச்சு காதில் விழும். “தம்பி, பி.எஃப். பணத்துல பத்து பர்சென்ட் வரின்னு புடிச்சிட்டாங்க. திரும்ப வாங்க முடியுமா?” “வாங்கலாம்ணே. எந்தெந்தக் கம்பெனி, எத்தனை வருசம், உங்க பங்கு எவ்வளவு, கம்பெனி பங்கு எவ்வளவு, பழைய கணக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?” இதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் பலரும் எழுந்து போகிறார்கள். முதல் கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகியிருக்கும். இரண்டாவது இடத்தில் கான்ட்ராக்டர் மாறியிருப்பார். ஆண்டுக்கொருமுறை வந்த பி.எஃப். ஸ்லிப், வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போயிருக்கும். பணம் அவருடையது. அதைத் தன்னுடையது என்று நிரூபிக்கும் காகிதம் மட்டும் அவர் கையில் இல்லை.

இதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அப்படிக் கடந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். பி.எஃப். எனப்படும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த பணத்தை, தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி செய்தபின் எடுத்தால் வருமான வரி கிடையாது. அதற்குமுன் எடுத்தால் வரி உண்டு. உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் தொழிலை நிறுத்திவிட்டதாலோ, தொழிலாளியின் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் ஐந்து ஆண்டுக் கணக்கு பார்க்கப்படாது. ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு, அடுத்ததில் மூன்று ஆண்டு என்று வேலை பார்த்தவருக்கு, பழைய கணக்கின் பணம் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால் ஆறு ஆண்டாகவே கொள்ளப்படும். மாற்றவில்லையென்றால் இரண்டும் தனித்தனி மூன்று ஆண்டுகள். 2015 ஜூன் 1 முதல், இப்படி முன்கூட்டியே எடுக்கும் தொகை வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். முதலில் 30,000 ரூபாயாக இருந்த வரம்பு மறு ஆண்டே 50,000 ஆனது. பான் எண் கொடுக்காதவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் பிடித்தம் 20 சதவீதம்.

இந்த விதிகளில் எதையும் அநியாயம் என்று சொல்வதற்கில்லை. ஓய்வுக்காலத்துக்கான பணத்தை இடையில் எடுத்துச் செலவழிப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குமுன் எடுத்தாலும் மொத்தப் பணத்துக்கும் வரி இல்லை. நிறுவனத்தின் பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானம். தொழிலாளியின் பங்குக்குச் சேர்ந்த வட்டி, இதர வருமானம். தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து போட்ட பணமோ அவருடைய சொந்தப் பணம். அந்தந்த ஆண்டில் அதைக் காட்டி வரிச்சலுகை பெற்றிருந்தால் மட்டுமே அந்தச் சலுகை திரும்பப் பெறப்படும். ஆக, சரியான வரியைக் கணக்கிட வேண்டுமென்றால் எந்த ஆண்டில் யார் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு வட்டி சேர்ந்தது என்று ஆண்டுவாரியாகத் தெரிந்தாக வேண்டும். வரி பிடிக்கும்போது மட்டும் இந்தப் பாகுபாடு எதுவும் பார்க்கப்படுவதில்லை. மொத்தத் தொகையிலும் 10 சதவீதம் கழிகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு நூற்பாலையில் நான்கு ஆண்டு வேலை பார்த்த பெண் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 சதவீதம், மாதம் 1,800 ரூபாய். ஆலையின் பங்கும் அதே 1,800. ஆனால் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், 550 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் ஏறும். 48 மாதத்தில் அவர் போட்டது 86,400. ஆலை போட்டது 26,400. வட்டியைச் சேர்க்காமலேயே 1,12,800 ரூபாய். அவர் பணத்தை எடுக்கும்போது வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 11,280 ரூபாய் வரியாகப் போகிறது. பான் இல்லையென்றால் 22,560. உண்மையில் வருமானமாகக் கொள்ள வேண்டியது ஆலையின் 26,400 ரூபாயும் வட்டியும் மட்டுமே. ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் சம்பாதித்த அந்தப் பெண், பழைய வரி முறையின் 2.5 லட்சம் ரூபாய் வரம்பையே தொடாதவர். அவர் கட்ட வேண்டிய வரி அநேகமாக ஒன்றுமே இருக்காது.

அவர் என்ன செய்திருக்கலாம்? இத்தனை ஆண்டுகளாக 15ஜி என்று வழங்கிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தம் இருந்திருக்காது. அதற்குப் பான் வேண்டும். பிடித்த பிறகு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கும் பான் வேண்டும், காலக்கெடுவும் உண்டு. தாமதமாகத் தாக்கல் செய்பவர்களுக்கும் டிசம்பர் 31-தான் கடைசி நாள். அதற்குப் பிறகு ‘புதுப்பிக்கப்பட்ட கணக்கு’ கொடுக்க வழியிருந்தாலும் அதில் பணம் திரும்பக் கேட்க முடியாது. பான் இல்லாமல் வரி பிடிக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தொகை வருமான வரித் துறையின் ஏட்டில் அவர் பெயரில் தெரியவே தெரியாது. பிறகு பான் வாங்கினாலும், வரி பிடித்த அலுவலகம் தன் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தால்தான் உண்டு. திண்டுக்கல்லிலும் நாமக்கல்லிலும் மில் விடுதிகளில் தங்கி, மூன்று நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டுக் கல்யாணச் செலவுக்கோ தங்கை படிப்புக்கோ அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் பெண்களிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

இனி, தேடும் காகிதம் எது என்று பார்ப்போம். 2012-ல் மாதாந்திரக் கணக்கு மின்னணு முறைக்கு மாறும்வரை, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு அட்டை உண்டு. அதன் பெயர் படிவம் 3ஏ. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கணக்கு எண், கீழே பன்னிரண்டு வரிசை. முதல் வரிசை ‘மார்ச், ஏப்ரலில் செலுத்தியது’, கடைசி வரிசை ‘பிப்ரவரி, மார்ச்சில் செலுத்தியது’. ஒவ்வொரு வரிசையிலும் அந்த மாதச் சம்பளம், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கில் பி.எஃப்.புக்கு எவ்வளவு, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, பங்களிப்பு இல்லாத நாள்கள் எத்தனை. எல்லாத் தொழிலாளிகளின் ஆண்டுத் தொகையையும் சேர்த்த பட்டியல் படிவம் 6ஏ. சேர்ந்தவர் பட்டியல் படிவம் 5, விலகியவர் பட்டியல் படிவம் 10. வட்டியைத் தவிர, வரிக்கு வேண்டிய அத்தனை விவரமும் இந்த நான்கில் அடங்கிவிடும்.

இந்தப் படிவங்கள் போன இடம்தான் முக்கியம். முதலாளி இவற்றைத் தன் பீரோவில் பூட்டி வைக்கவில்லை. சட்டப்படி பி.எஃப். அலுவலகத்துக்குக் கொடுத்தார். அதாவது ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் மதுரையிலும் உள்ள அலுவலகங்களுக்கு அந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. ஏட்டில் ஏற்றப்பட்டது, வட்டி போடப்பட்டது, படிவம் 23 என்ற ஆண்டு ஸ்லிப்பாகத் திரும்பிப் போனது. அந்த ஸ்லிப்பைத் தொழிலாளி கையில் கொடுத்த கம்பெனிகளும் உண்டு, கட்டுக் கட்டாக மேனேஜர் அறையிலேயே விட்டுவிட்ட கம்பெனிகளும் உண்டு. இன்று பாஸ்புக்கை இணையத்தில் திறந்தால், பல பழைய கணக்குகளில் அந்த ஆண்டுகள் எல்லாம் ‘முந்தைய இருப்பு’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கின்றன. பத்து ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு தொகை. அதில் எது சொந்தப் பணம், எது வட்டி, எந்த ஆண்டுக்குரியது என்று பிரிக்க வழியில்லை. அரசிடம் முறைப்படி ஒருமுறை கொடுத்துவிட்ட கணக்கை, முப்பது ஆண்டு கழித்துத் தொழிலாளியிடமே ‘ஆதாரம் கொண்டு வா’ என்று கேட்பது எந்த வகையில் நியாயம்?

இது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதை நாடு ஒருமுறை கண்கூடாகப் பார்த்தது. கூடுதல் ஓய்வூதியம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-ல் தீர்ப்பளித்த பிறகு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. சம்பள உச்சவரம்புக்கு மேல் பங்களிப்பு செலுத்த அந்தக் காலத்தில் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கேட்டுப் பெற்ற அனுமதியின் நகலை இணைக்கும்படி சொன்னார்கள். அப்படியொரு தாளைப் பலர் பார்த்ததே இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர்கள் தாங்கள் வேலை பார்த்த நிறுவனங்களின் வாசலில் பைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நகல் இல்லாமலும் விண்ணப்பிக்க வழிசெய்யும்படி கேரள உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது. கடைசி நாள் பலமுறை தள்ளிப்போய் 2023 ஜூலை 11-ல் முடிந்தபோது, விண்ணப்பித்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். நிறுவனங்கள் பழைய சம்பள விவரங்களை ஏற்றி முடிக்க 2025 ஜனவரி வரை அவகாசம் நீண்டது. படித்தவர்களும் பெரிய பொதுத்துறை நிறுவனங்களில் இருந்தவர்களும் பட்ட பாடு இது. பனியன் கம்பெனித் தொழிலாளியின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பி.எஃப். அமைப்பில் இன்று பங்களிப்பு செலுத்துவோர் மட்டும் 7 கோடிக்கு மேல். காகித ஏடுகளிலிருந்து கணினிக்கு மாறுவது லேசான வேலையல்ல. 2014 அக்டோபரில் வந்த யுஏஎன் என்ற 12 இலக்கப் பொது எண், அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களின் பாதித் துன்பத்தைத் தீர்த்துவிட்டது. 2020 முதல் வேலையை விட்ட தேதியைத் தொழிலாளியே பதிவு செய்யலாம். 2025 ஜனவரி முதல், ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட கணக்குகளில் பெயர், பிறந்த தேதித் திருத்தங்களைப் பெரும்பாலும் முதலாளியின் கையெழுத்து இல்லாமலே செய்துகொள்ள முடிகிறது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாறும்போது அலுவலகங்களுக்குள்ளேயே போய்வந்த ‘இணைப்பு கே’ என்ற அறிக்கையை இப்போது உறுப்பினரே இறக்கிக்கொள்ள முடிகிறது. பழைய நிறுவனத்தில் எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு தொகை வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. வரி விஷயத்தில் ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியை நிரூபிக்க வேண்டியவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் இதுதான். இவையெல்லாம் மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றங்கள்.

ஆனால் 2014-க்கு முன்னால் உழைத்தவர்கள் இந்த வெளிச்சத்துக்கு வெளியே நிற்கிறார்கள். இயங்காத பி.எஃப். கணக்குகள் 21 லட்சத்துக்கு மேல் என்றும், அவற்றில் இருப்பது 8,500 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் 2023-24-ஆம் ஆண்டு நிலவரமாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்னது. அந்தப் பணத்துக்கெல்லாம் உரியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். தம்மிடம் காகிதம் இல்லை என்பதால் கேட்கத் தயங்குபவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. இங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். கம்பெனிப் பதிவேட்டில் எஸ்.முருகன். ஆதாரில் முருகன் எஸ். பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்து சுப்பையா முருகன். இரண்டாவது கான்ட்ராக்டர் எழுதியது வெறும் முருகன். நால்வரும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குப் புரிய வைப்பதற்குள் ஒரு நிதியாண்டு முடிந்துவிடும். இதில் கான்ட்ராக்டர் தன் செல்பேசி எண்ணையே எல்லாத் தொழிலாளிகளின் கணக்கிலும் கொடுத்துவிட்டிருந்தால், ஓடிபி வரும் இடமே வேறாகிவிடுகிறது. வடமாநிலங்களிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தொழிலாளிகள் இதில் இன்னும் அதிகமாக அடிபடுகிறார்கள். அவர்களின் கணக்கும் நம் மாநிலத்து ஆலைகளின் பொறுப்புதான்.

தொழிற்சாலைகள் என்றைக்கும் நிலைப்பவை அல்ல. பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் கார் தயாரிப்பை முடித்துக்கொண்டது. இவற்றின் கணக்குகள் தொலைந்தன என்று சொல்வதற்காக இந்தப் பெயர்களை எழுதவில்லை. இவ்வளவு பெரிய ஆலைகளே ஒருநாள் கதவடைக்கும்போது, இருபது தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு யூனிட் பத்து ஆண்டு கழித்து அதே முகவரியில் இருக்கும் என்று எப்படி நம்புவது? நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாத்தால் போதும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். தொழிலாளியின் பணிக்காலமோ முப்பது, முப்பத்தைந்து ஆண்டு. அதற்குப் பிறகு ஓய்வூதியம், அவருக்குப் பின் மனைவிக்கு ஓய்வூதியம். எட்டு ஆண்டுக் காகிதத்தை நம்பி ஐம்பது ஆண்டு உரிமை நிற்க முடியாது. நிறுவனம் தொழிலை நிறுத்தியதால் வேலை போனவருக்கு ஐந்து ஆண்டு விதியிலிருந்து விலக்கு உண்டு என்று முன்னே பார்த்தோம். அந்த விலக்கைக் கேட்க, நிறுவனம் நின்றுபோனதற்கான கடிதத்தை அவர் யாரிடம் போய் வாங்குவார்?

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இங்கேதான் வருகிறது.

முதலாளிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், செட்டில்மெண்ட் பணத்தோடு ஒரு தாள் கொடுத்தால் போதும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், யுஏஎன், உறுப்பினர் எண், ஆண்டுவாரியாக இருவர் பங்கும். முத்திரை, கையெழுத்து. கணினியில் ஏற்கெனவே இருக்கும் விவரம்தான், அச்சிட ஐந்து நிமிடம் ஆகாது. மூடப்போகும் நிறுவனங்கள் இதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். சொந்த டிரஸ்ட் வைத்துப் பி.எஃப். நடத்தும் விலக்குப் பெற்ற பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கடமை இன்னும் கூடுதல். அவர்களின் தொழிலாளிகளுக்குப் பொது இணையதளத்தில் பாஸ்புக் கிடைப்பதில்லை. டிரஸ்ட் கொடுக்கும் கணக்குதான் ஒரே ஆதாரம்.

யாரும் பேசாத இன்னொரு தரப்பும் இருக்கிறது. சிறு நிறுவனங்களில் பி.எஃப். கணக்கை முதலாளி பார்ப்பதில்லை. வெளியில் இருக்கும் பி.எஃப். கன்சல்டன்டோ ஆடிட்டர் அலுவலகமோதான் மாதம் 15-ஆம் தேதிக்குள் சலான் போட்டுக் கணக்கை ஏற்றுகிறது. கோவையிலும் திருப்பூரிலும் சிவகாசியிலும் ஒரே கன்சல்டன்ட் பல யூனிட்டுகளுக்குப் பார்ப்பார். யூனிட் மூடிப் போனாலும் அவர் அலுவலகமும் அவர் கணினியும் அங்கேயே இருக்கும். நடைமுறையில் பழைய தொழிலாளிகளின் கணக்குக்கு இவர்கள்தான் காவலர்கள். ‘அந்தப் பார்ட்டி இப்போ நம்மகிட்ட இல்லைங்க’ என்று கதவடைக்காமல், தேடிவருபவருக்கு அவருடைய வரிசையை மட்டும் எடுத்து அச்சிட்டுக் கொடுப்பதை இந்தத் தொழிலின் மரியாதையாக அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்களின் சங்கங்கள் இதைத் தீர்மானமாகவே போடலாம்.

பி.எஃப். அமைப்பு செய்ய வேண்டியது, ‘முந்தைய இருப்பு’ என்ற அந்த ஒற்றை வரியைத் திறந்து காட்டுவது. அலுவலகங்களில் எஞ்சியிருக்கும் 3ஏ, 6ஏ படிவங்களை மின்னணுமயமாக்கி உறுப்பினர் கணக்கோடு இணைப்பதற்குக் காலக்கெடு வைத்து ஒரு திட்டம் வேண்டும். அது முடியும்வரை, பழைய ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்காமல், தன் ஏட்டைத் தானே தேடிப் பார்த்துப் பதில் சொல்லும் கடமையை ஏற்க வேண்டும். பணம் கொடுக்கும்போது சொந்தப் பங்கு, நிறுவனப் பங்கு, இரண்டின் வட்டி என்று ஆண்டுவாரியாகப் பிரித்த ஒரு வரி அறிக்கையையும் சேர்த்துக் கொடுக்கலாம். 2021 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பங்களிப்பு போடுபவர்களின் கூடுதல் வட்டிக்கு வரி வந்தபோது, வரிக்குரியது, வரிக்கு உட்படாதது என இரண்டு தனிக் கணக்குகளாகப் பிரிக்க இதே அமைப்பால் முடிந்தது. அதிகச் சம்பளக்காரரிடம் வரி வாங்குவதற்காகச் செய்ய முடிந்ததை, குறைந்த சம்பளக்காரருக்கு வரியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவும் செய்ய முடியும்.

வருமான வரித் துறைக்கு அந்த விவரம் நேராகப் போய்ச் சேர்ந்தால், ஏஐஎஸ் எனப்படும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் மொத்தத் தொகைக்குப் பதிலாக வரிக்குரிய பகுதி மட்டும் தெரியும். இரண்டும் ஒரே மத்திய அரசின் கிளைகள். ஒன்றின் கதவிலிருந்து இன்னொன்றின் கதவுக்குக் காகிதம் சுமக்கும் வேலையைத் தொழிலாளிக்குக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை.

ஊரில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. நிறுவனம் மூடிவிட்டாலோ முதலாளியின் கையெழுத்து கிடைக்காவிட்டாலோ பி.எஃப். படிவங்களில் வேறு சிலர் சான்றளிக்கலாம் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. கெஜட்டட் அதிகாரி, வங்கி மேலாளர், அஞ்சலக அதிகாரி, பஞ்சாயத்துத் தலைவர், அங்கீகாரம் பெற்ற பள்ளியின் தலைமையாசிரியர், சட்டமன்ற உறுப்பினர் எனப் பலர் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கேட்டுப் போனால் ‘எதுக்கு வம்பு’ என்று தள்ளிவிடுபவர்களே அதிகம். தெரிந்த மனிதருக்கு, சரிபார்த்து, ஒரு கையெழுத்துப் போடுவது வம்பல்ல, அந்தப் பதவி கொடுத்த பொறுப்பு. 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. தொழிற்சங்கங்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே இந்தத் தேதியை எழுதிப் போடலாம். முகாமுக்கு நாலு பேரைக் கூட்டிப்போவதும் சங்க வேலைதான்.

தொழிலாளியின் பங்கைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுவரை எல்லாப் பாரமும் அவர்மீதே இருந்தது என்பதுதான். அவருக்கும் கடமைகள் உண்டு. பாஸ்புக்கை ஆண்டுக்கொருமுறை, வட்டி ஏறிய பிறகு, இறக்கிச் சேமித்து வைக்க வேண்டும். வேலை மாறும்போது இன்னொரு யுஏஎன் போட விடக் கூடாது. பழையதையே கொடுக்க வேண்டும். அவசரத் தேவை இல்லாதபோது பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றினால் வரிச் சிக்கலே பெரும்பாலும் எழாது. கணக்கில் இருப்பது தன் செல்பேசி எண்தானா என்று பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால் அந்த மாதமே கேட்க வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைச் சட்டம் நம்பிக்கை மோசடி என்றே பார்க்கிறது. பழைய விவரம் எதுவும் கிடைக்காதவர்கள், தெரிந்த கணக்கு எண், நிறுவனத்தின் பெயர், ஆண்டுகளைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பி.எஃப். அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். எழுதத் தெரியாத பெரியவருக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் எழுதிக் கொடுக்கலாம்.

இவ்வளவு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேச இடம் தேட வேண்டியதில்லை. பி.எஃப். அமைப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழுவில் மத்திய அரசு, மாநில அரசுகள், முதலாளிகள், தொழிலாளிகள் என எல்லோருக்கும் இருக்கை இருக்கிறது. வட்டி விகிதத்தைப் பரிந்துரைக்க அவர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் போதும்: பணம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுவாரியான வரி அறிக்கை, அலுவலகத்தில் ஏற்கெனவே தாக்கலான எந்தப் படிவத்தையும் தொழிலாளியிடம் மீண்டும் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் முதலாளிகள் சங்கங்களும் இந்த இரண்டையும் கட்சி பேதமின்றி ஒரே குரலில் அந்தக் குழுவின் முன் வைக்க வேண்டும்.